மே மாதத்துக் கோப்பை

விழுப்புரம் ஆஸ்பத்திரியில், எலும்பு வார்டு வராந்தாவில் இருதயமேரி காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தாள். சுவரோரமாகத் தண்ணீர்க் குழாய் வரை போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். கூடைப்பந்து கோர்ட்டின் ஓரக்கோட்டில் நடந்து பழகிய கால், உட்கார் என்றால் கேட்குமா? நோயாளிகளுக்குத் துணையாக வந்து தரையில் காலை நீட்டி இருந்தவர்கள், அவள் வரும்போதெல்லாம் மடக்கி மடக்கி அலுத்துப்போனார்கள். செஞ்சிப் பக்கத்து ஆள் ஒருவர், கொஞ்சம் உட்காரும்மா, பார்க்கிற எங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று வாய்விட்டே சொன்னார். அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள்.

பெஞ்சில் ரோஜா சாய்ந்திருந்தாள். இரண்டாம் வருடம் பி.காம்., ஐந்தடி பத்தங்குலம். வலது முட்டியிலிருந்து கெண்டைக்கால் வரை பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். நீலநிற ஜெர்ஸியை இன்னும் மாற்றவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவள் இடுப்புயரத்துக்கு, நேற்று சாயந்திரம் விழுப்புரம் ஸ்டேடியத்தில் ஜெயித்த கோப்பை நின்றது. மற்றப் பெண்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, "உன்கிட்டயே இருக்கட்டும்டி" என்று ரோஜாவின் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வழியாகப் போன எல்லோரும் முதலில் கோப்பையைப் பார்த்தார்கள், பிறகுதான் காலைப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும் இது எந்தக் கோயிலுடையது என்று கேட்டாள். ரோஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முட்டி இழுத்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டார். முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்திருக்கிறது, வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் நடக்கலாம், ஓட முடியாது, குதிக்கவே முடியாது என்றார். ஆபரேஷன், அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி, எல்லாம் செலவுதான். ஆனால் காலேஜ் டீமில் ஆடும்போது பட்ட அடி என்றால் மாணவிகளுக்கான இன்ஷூரன்ஸில் வந்துவிடும். "உங்க காலேஜ்ல சொன்னா போதும்மா, அவங்களே பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். இருதயமேரிக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. அடுத்த நிமிடம், இது மே மாதம் என்பது நினைவுக்கு வந்தது.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரியில் அவள் கோச்சாகச் சேர்ந்து பதினாலு வருடம் ஆகிறது. வல்லம் பக்கத்தில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண். உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கையில் பந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பந்து அவளை மாவட்டம், மாநிலம் என்று இழுத்துக்கொண்டு போய், கடைசியில் இந்தக் கல்லூரியின் சிமெண்ட் கோர்ட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. சேரும்போது தற்காலிகம் என்றார்கள். இப்போதும் தற்காலிகம்தான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசி நாள் ஆபீஸில் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். ஜூனில் திரும்பக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு மாதம் அவள் அந்தக் கல்லூரிக்கு யாருமில்லை. இதற்குப் பெயர் பிரேக். தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று பேச்சு வந்துவிட்டால் பிறகு நிரந்தரம் கேட்பாள் அல்லவா, அதற்காக. அட்டெண்டர் முதல் லேப் உதவியாளர் வரை தற்காலிகக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். மற்றவர்கள் அந்த மாதம் வீட்டில் இருப்பார்கள், இல்லை ஜவுளிக்கடையில் துணி மடிப்பார்கள்.

இருதயமேரியால் முடியவில்லை. கோடைப் போட்டிகள் மே மாதத்தில்தான் வரும். அட்டையைக் கொடுத்த மறுநாள் விடியற்காலை அவள் கோர்ட்டில் நிற்பாள். வாட்ச்மேன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டைத் திறப்பான். வா என்று யாரும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. மே மாதத்தில் ஜெயித்த கோப்பைகள் மட்டும் ஜூனில் பிரின்சிபால் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வருடம் கல்லூரி அலுவலர் சக்கரபாணி அட்டையை வாங்கும்போது, தானாக ஒரு வார்த்தை சொன்னார். விழுப்புரம் கப்பை அடிச்சிட்டு வாங்க மேடம், ஜூன்ல உங்க நிரந்தரத்தை நானே தாளாளர்கிட்ட வைக்கிறேன் என்றார். அந்த வார்த்தையை இருதயமேரி வீட்டில் கணவன் சவுரிராயனிடம் சொன்னாள். அவன் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன், முதுகு தேய்ந்து பாதி நாள் படுத்திருக்கிறான். "இத எத்தினி வாட்டி சொல்லிகினு இருப்பாங்க?" என்று கேட்டான். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

நேற்று இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது சென்னை டீம். ஏசி அரங்கத்தில் பழகிய பெண்கள். இருதயமேரியின் பெண்கள் டவுன் பஸ்ஸில் பழகியவர்கள். அதனால் ஆட்டத்தின் சங்கேதங்களுக்கும் அவள் பஸ் ரூட்டையே வைத்திருந்தாள். கூட்டேரிப்பட்டு என்று கத்தினால், மயிலத்துக்குத் திரும்புகிற மாதிரி சட்டென்று இடது பக்கம் வெட்டி உள்ளே போக வேண்டும். டோல்கேட் என்றால் எதிராளியின் வழியில் அசையாமல் நிற்க வேண்டும். பைபாஸ் என்றால் யாரையும் தொடாமல் வெளிக்கோட்டோடு ஒரே ஓட்டம். சென்னைப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கேப்டன் அப்ஸானா, கோட்டகுப்பத்துப் பெண், பந்தைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

மூன்றாவது குவார்ட்டரில் ரோஜா ரீபவுண்டுக்கு எழும்பி, இறங்கும்போது கால் மடங்கி விழுந்தாள். பெஞ்சுக்கு வந்தவளின் முட்டியை இருதயமேரி குனிந்து அழுத்திப் பார்த்தாள். வீங்க ஆரம்பித்திருந்தது. உட்கார வைத்திருக்க வேண்டும். பதினாலு வருடம் கோச்சாக இருப்பவளுக்கு அது தெரியாதா? ஸ்கோர்போர்டைப் பார்த்தாள், நாலு பாயிண்ட் பின்னால். ரோஜா ஒன்றுமில்லை மேம், ஆடுவேன் என்றாள். இருதயமேரி ஸ்ப்ரே அடித்து, இறுக்கிக் கட்டி, முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். கடைசி நிமிடத்தில் கூட்டேரிப்பட்டு என்று கத்தியதும் அவள்தான். ரோஜா இடது பக்கம் வெட்டினாள். பந்து வளையத்துக்குள் போனது. ரோஜா கீழே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

இன்று காலை அவள் காலேஜுக்குப் பேசுவதற்குள் சக்கரபாணி முந்திக்கொண்டார். பத்து மணிக்கு அவரே போன் செய்து வாழ்த்துச் சொன்னார். தாளாளருக்கு ரொம்ப சந்தோஷம், அட்மிஷன் நேரம் பாருங்கள், கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கப்போகிறோம், சாயந்திரத்துக்குள் கப்பு வேண்டும், போட்டோகிராபர் வந்துவிடுவார் என்று மூச்சுவிடாமல் சொன்னார். இருதயமேரி ரோஜாவின் காலைப் பற்றிச் சொன்னாள். இன்ஷூரன்ஸையும் கேட்டாள்.

"மேடம், காலேஜ் டீம்னா கூட ஒரு ஸ்டாஃப் இருக்கணும். மே மாசம் எந்த ஸ்டாஃப் இருந்தாங்க, சொல்லுங்க."

"நான் இருந்தேன் சார்."

"நீங்கதான் பிரேக்ல இருக்கீங்களே."

நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்று நாங்கள் சொன்னால், பதினாலு வருட பிரேக்கும் பொய் என்று ஆகிவிடும், தாளாளர் அதற்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பொறுமையாக விளக்கினார். பேச்சில் கோபமே இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், நீங்கள்தான் சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போனதாகச் சொல்லிவிடுங்கள், விஷயம் ஆறட்டும், ஜூனில் உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இருதயமேரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்த டீம் காலேஜ் டீம், அடிபட்ட பெண் மட்டும் இருதயமேரியின் பெண்ணா? கேட்டிருக்கலாம். ஜூன் என்ற சொல் வாயைக் கட்டியது. மறுபடி குழாய் வரை நடந்தாள்.

ரோஜாவின் அம்மா அம்சா பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸைப் பெருக்கித் துடைக்கிறவள், பாதி வேலையில் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெண்ணைப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தவளிடம், காலேஜ் பார்த்துக்கொள்ளும், நான் இருக்கிறேன் என்று உறுதி சொல்லிக் கூட்டிவந்தது இருதயமேரிதான். அம்சா அழவில்லை. மகளின் காலைத் தொடாமல் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், பிறகு இருதயமேரியைப் பார்த்தாள்.

"காலேஜுல பாத்துக்குவாங்க இல்ல டீச்சர்?"

சொந்தப் பொறுப்பில் கூட்டிவந்தேன் என்று ஒரு வாக்கியம். சொன்னால் ஜூன் இருக்கிறது. இருதயமேரி அம்சாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"மாட்டேன்றாங்கம்மா. நான் வேலையில இல்லாத மாசமாம் இது. ஆனா உம் பொண்ணு காலேஜுக்குத்தான் ஆடினா. முட்டி வீங்கினத பாத்துட்டும் நான்தான் திரும்ப ஆட அனுப்பினேன். அது என் தப்பு. யார் வந்து கேட்டாலும் ரெண்டையும் சொல்வேன்."

அம்சா பெஞ்சுக்கு அடியிலிருந்து மகளின் ஷூவை எடுத்துக்கொண்டாள். பிறகு, "மொதல்ல அவள ஊட்டுக்கு இட்டுகினு போவணும்" என்றாள்.

இருதயமேரி சக்கரபாணியைக் கூப்பிட்டாள். அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்றாள். கப்பு வேண்டும் என்றால் காலேஜ் வேனை அனுப்புங்கள், ரோஜாவும் அதில்தான் வருவாள் என்றாள். வேன் வரும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அட, வேனாவது வருகிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தள்ளுநாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, ரோஜாவை உட்காரவைத்து, கோப்பையை அம்சா இடுப்பில் தூக்கிக்கொள்ள, மூவரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள்.

வேன் வந்தது. இருபது பேர் உட்காரக்கூடிய வண்டி. டிரைவர் பூமாலை தவிர உள்ளே ஒரு ஆள் இல்லை. அவன் இறங்கி வந்து ரோஜாவின் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினான். அம்சாவிடமிருந்து கோப்பையை வாங்கினான். ரோஜா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். பூமாலை குறுக்கே கையை நீட்டினான்.

"பாப்பா, நீ ஏறாதம்மா. மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. கப்ப மட்டும் எடுத்துகினு வரச் சொன்னாரு. பொண்ண ஏத்தினா காலேஜே ஏத்துக்கின மாதிரி ஆயிடுமாம். வண்டியில கேமரா இருக்குது. என் வேல போயிடும்."

இருதயமேரி கோப்பையின் கழுத்தைப் பிடித்தாள். பூமாலை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவனுக்கும் மே மாதத்தில் பாதிச் சம்பளம்தான்.

"குடுத்துடுங்க மேம்" என்றாள் ரோஜா. "அப்ஸானாலாம் போட்டோவுக்கு வந்து நிக்கறாங்களாம். கப்பு இல்லன்னா அடுத்த வருசம் ஸ்போர்ட்ஸ் சீட்டே எடுத்துடுவாங்க."

இருதயமேரி விட்டுவிட்டாள். பூமாலை கோப்பையை முன் சீட்டில் நிறுத்தி, சாயாமல் இருக்கத் தன் துண்டைச் சுருட்டி அடியில் வைத்து, சீட் பெல்ட்டைச் சுற்றி மாட்டினான். இழுத்துப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு இவர்கள் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்தான். திண்டிவனம் ரோட்டில் வேன் காலி சீட்டுகளோடு போனது.

நாற்காலியை ஆஸ்பத்திரி ஆள் வந்து வாங்கிக்கொண்டான். அம்சாவின் தோளிலும் இருதயமேரியின் தோளிலுமாகத் தொங்கிக்கொண்டு ரோஜா ஒற்றைக்காலில் பஸ் ஸ்டாப் வரை வந்தாள். நல்ல வெயில். இருதயமேரியின் போன் அடித்தது. சக்கரபாணிதான்.

"மேடம், கப்பு ஏறிடுச்சில்ல? அடிகிடி ஒண்ணும் படலியே?"

"அதுக்கு ஒண்ணும் படல சார்" என்றாள்.

திண்டிவனம் பஸ் கூட்டத்தோடு வந்து நின்றது. படி ரோஜாவின் முட்டி உயரத்துக்கு இருந்தது. ஜல்தியா ஏறுங்க என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ரோஜா ஏறிக்கொள்ள இருதயமேரி முதுகைக் காட்டிக் குனிந்தாள்.