பின்னால் நடக்க ஓர் அறை

என் கணவருக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. சமையலறை அலமாரி செய்வது அவர் தொழில். எங்கேயாவது ஒரு சாண் சுவர் சும்மா இருந்தால் கை அரிக்கும். எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் அலமாரி, கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, குளியலறைக் கதவுக்குப் பின்னால்கூட ஒரு தட்டு. இந்த மனிதர் எனக்கு ஓவிய அறை கட்டித் தருகிறேன் என்று கிளம்பினால் எப்படி இருக்கும்?

அதுவரை சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் படம் வைக்கும் ஸ்டாண்டை நிறுத்தி வரைந்துகொண்டிருந்தேன். முகங்கள் வரைவது என் பிழைப்பு. ஒருநாள், முடியப்போகிற ஒரு முகத்தின் மேல் குழம்பு தெறித்தது. யார் கை பட்டது என்பதெல்லாம் இப்போது வேண்டாம், மாமனார் மனசு கஷ்டப்படும். "போதும்டா சாமி" என்று தூரிகைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். கோபம் தணிந்த பிறகும் இறக்கவில்லை. ஆசை அப்படியே இருந்தது, இடம்தான் இல்லை. இந்த அறையும் சரிப்படாவிட்டால் அந்த மூட்டை பரணிலேயே கிடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பின்பக்கத் தோட்டத்தில் புல்தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. அதன்மேல் எதுவும் கட்ட முடியாது. மிஞ்சுவது ஒரு மூலை, பத்தடிக்கு எட்டடி. அந்த எட்டடிக்குள் அவர் ஒரு ஊரையே அடைத்திருந்தார். வண்ணங்களுக்கு இழுப்பறை, சட்டங்களுக்கு அடுக்கு, மடக்கு மேசை, உட்காரும் முக்காலிக்குள்ளும் ஒரு டப்பா. தட்டுகள் போக மிஞ்சிய இடத்தில் ஒரு குட்டி ஜன்னல். வரைபடத்தைப் பார்த்ததும் ஏனோ மூச்சு முட்டியது. காரணம் எனக்கே புரியவில்லை. "பிரமாதம்" என்றேன். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

கொத்தனார் வருவதற்கு முதல்நாள் காலை, சுண்ணாம்புத் தூளால் தரையில் அறையைக் கோடு போட்டார். ஸ்டாண்டை நடுவில் நிறுத்தினார். என்னிடம் சொல்லாமலே பரணிலிருந்து மூட்டையையும் இறக்கி வந்திருந்தார்.

"உள்ள வந்து நில்லு. வரையற மாதிரி வரைஞ்சு காட்டு."

தூரிகையை எடுத்து வெறுங்காற்றில் ஒரு கோடு இழுத்தேன். பிறகு வழக்கம்போல ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி. இன்னொன்று.

"ஏய், சுவரை இடிச்சுட்டு எங்க போற?"

குனிந்து பார்த்தேன். கோடு தாண்டிப் புல்தரையில் நின்றிருந்தேன். திரும்ப உள்ளே போய் வரைந்தேன். திரும்பவும் கால் தானாகப் பின்னால் போனது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் சிரித்தார். "மருமகளுக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் வேலை செய்யுது போல."

"எதுக்குப் பின்னாடி போற?" என்றார் கணவர். "எல்லாத்தையும் கைக்கு எட்டுற தூரத்துலதானே வெச்சிருக்கேன்?"

"கிட்ட நின்னா வெறும் தீத்தல்தாங்க தெரியும். தள்ளி நின்னாத்தான் மூஞ்சி தெரியும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வீட்டில் வரையும்போதெல்லாம் கூடம் தாண்டி ஃப்ரிட்ஜ் வரை போய் நிற்பேன். அவரும் என்னைச் சுற்றிக்கொண்டு போவார். இரண்டு பேருமே அதைக் கவனித்ததில்லை.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?"

"எனக்கே இப்பதான் தெரியுது. தெரிஞ்சிருந்தாலும் எப்படிச் சொல்றது? நீங்க அந்த வரைபடத்தை மடியில போட்டுத் தாலாட்டிட்டு இருந்தீங்க."

அவர் முகம் சிவந்தது. சுண்ணாம்பு வாளியை நங்கென்று வைத்தார். அவ்வளவுதான், அறையும் போச்சு, மூட்டையும் பரணுக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பக்கக் கோடு என் குதிகால் பட்டுப் பட்டு ஏற்கெனவே அழிந்திருந்தது. அதைத் திரும்பப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை.

"இந்தப் பக்கம் சுவரே வேண்டாம்" என்றார். "முழுக்க மடக்குக் கதவு. ரெண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டா புல்தரையும் உன் அறைதான். அலமாரிக் கதவைப் பெருசா செய்யணும், அவ்வளவுதானே."

"அந்தச் சுவர்ல வர்ற இழுப்பறை எல்லாம்?"

"போகட்டும்." அந்தப் பக்கம் மிச்சமிருந்த கோட்டையும் கையால் அழித்தார். "படியும் கிடையாது. பின்னாடி நடக்கறவளுக்குப் படி தட்டினா மண்டை உடையும். தரையும் புல்லும் ஒரே மட்டம்."

"மழைத்தண்ணி உள்ள வராதா?"

"ஓரத்துல வாய்க்கால் விட்டு, மேல கம்பிச் சட்டம் போட்டுடலாம்."

அப்பாடா என்று அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அறை முடிந்ததும் அந்தக் குழம்பு பட்ட முகத்தைத்தான் முதலில் எடுத்தேன். கன்னத்தில் ஒரு தீற்று தீற்றிவிட்டுப் பின்னால் நடந்தேன். கால் எங்கும் இடறவில்லை. புல்தரை நடுவில் நின்று பார்த்தபோது, அந்த முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் புல்லில் போடப்போனார். கணவர் சமையலறை ஜன்னலிலிருந்து சத்தம் போட்டார்.

"அப்பா, அங்க போடாதீங்க!"

"ஏண்டா, காலியாத்தானே கிடக்கு?"

"காலி இல்லப்பா. அது அவ இடம்."