துணிக்கடை வாசலில் ஒரு மருத்துவிச்சி

புலம்பெயர்ந்து பார்க்டேல் பகுதிக்கு முதன்முதல் வந்து இறங்கிய தமிழர்களைத் தேடித்தேடிப் படம் பிடித்தவர் ஒரு ஜேர்மன்காரர். பெயர் ஹெல்முட் லோமன். போருக்குப் பிறகு குடும்பத்தோடு அங்கே குடியேறியவர். எண்பதுகளின் கடைசியில், எழுபது வயது தாண்டிய அந்த மனிதர் கழுத்தில் கமெராவோடு அப்பார்ட்மென்ற் வாசல்களில் நிற்பாராம். கேட்காமல் ஒருவரையும் எடுக்கமாட்டார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்க முன்வந்தாள் கோணேஸ்வரி. பழைய படங்களை ஸ்கான் செய்து திருத்திக் கொடுப்பது அவளுடைய தொழில்.

லோமனின் மகள் எல்ஃப்ரீடா அதே நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணில் தனியே இருந்தார். வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. நெகட்டிவ் பெட்டிகளையெல்லாம் தயங்காமல் கொடுத்தவர், ஒரு உறையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அதையும் நீட்டினார்.

ஸ்கானரில் தெரிந்தது ஒரு துணிக்கடை வாசல். பொட்டலத்தோடு வெளியே வரும் ஒரு பெண் மற்றக் கையால் முகத்தை மறைக்கப் பார்க்கிறாள். அதற்குள் படம் விழுந்துவிட்டது.

கோணேஸ்வரி திரும்பப் போய்க் கேட்டாள். எல்ஃப்ரீடா ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

“நாஜிகள் காலம். அப்பா எங்கள் ஊர்ப் பத்திரிகையின் நிருபர், படமும் அவர்தான் எடுப்பார். யூதர் கடையில் வாங்கக்கூடாது என்றிருந்தது; மீறி யார் போகிறார்கள் என்று எதிரே நின்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். அந்தப் படங்களைப் பெயரோடு சந்தியில் ஒட்டினார்கள். இவள் மார்த்தா, ஊர் மருத்துவிச்சி. நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள். அந்தப் பொட்டலத்தில் இருப்பது கைக்குழந்தையான எனக்கு வாங்கிய துணி.”

“உங்கள் அப்பாவுக்கு அது தெரியுமா?”

“துணி வாங்க அனுப்பியதே அவர்தான். எந்தக் கடையென்று சொல்லவில்லை. வந்தது மார்த்தா என்று கண்டதும் கமெராவை இறக்கியிருக்கலாம். பக்கத்தில் நாஜிக் கட்சிக்காரன் நின்றான், இறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. ஊரைவிட்டே போய்விட்டாள். எனக்கு இருபது வயதில் அம்மா சொன்னார்.”

கண்காட்சிக்கு அழைப்பிதழ் போய்விட்டது. சனம் ஆவலோடு காத்திருந்தது. “இந்த ஒரு படத்தை விட்டுவிடுவோம்,” என்றாள் கோணேஸ்வரி. எல்ஃப்ரீடா உடனே சரியென்று தலையசைத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் தான் சொன்ன வார்த்தை கோணேஸ்வரியை உறுத்திக்கொண்டிருந்தது.

கண்காட்சியன்று மண்டபம் நிறைந்திருந்தது. இராசதுரை என்ற முதியவர், இரவல் கோட்டோடு பனிக்குள் நின்று சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார். அவருடைய காலஞ்சென்ற மனைவி அருள்நாயகி.

“அவ சிரிச்ச படம் உது ஒண்டுதான் என்னட்ட இருக்கு,” என்று எல்ஃப்ரீடாவின் கையைப் பிடித்தார். “உங்கட அப்பா தங்கமான மனிசன். கேட்டுத்தான் எடுத்தவர்.”

கோணேஸ்வரி மொழிபெயர்த்தாள். எல்ஃப்ரீடா கையை இழுத்துக்கொண்டார். “மார்த்தாவைப் பற்றி அவருக்குச் சொல்,” என்றார்.

கோணேஸ்வரி முழுவதையும் சொன்னாள். “அந்தப் படத்தைப் போட வேண்டாமெண்டு சொன்னது நான்தான், அங்கிள்.”

இராசதுரை மனைவியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அந்த மனிசிக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

“தெரியாது,” என்றார் எல்ஃப்ரீடா. “நான் தேடவில்லை. தேடினால் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.”

“என்ர மனிசியின்ர படத்தைக் கழட்டச் சொல்லமாட்டன்,” என்றார் இராசதுரை. “ஆனா அதையும் போடுங்கோ. பக்கத்திலயே போடுங்கோ.” பிறகு ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போனார்.

மறுநாள் மார்த்தாவின் படம் பெயரோடும் கதையோடும் சுவரில் ஏறியது. வந்தவர்களில் சிலர் எல்ஃப்ரீடாவிடம் பேசாமலே போனார்கள். அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. மார்த்தாவைப் பற்றி அந்த ஊரில் விசாரித்துத் தரும்படி மட்டும் கோணேஸ்வரியிடம் கேட்டார்.

அடுத்த வசந்தத்தில் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துப் பெண் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மார்த்தா வேறொரு நகரத்துச் சலவைக் கூடத்தில் வேலை செய்தாளாம். பிரசவம் பார்க்க அதன்பிறகு போகவேயில்லை. இறந்தது எழுபத்துநான்காம் ஆண்டில்.

கோணேஸ்வரி சொன்னதை எல்ஃப்ரீடா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவள் இறக்கும் முன்னர் நான் இரண்டு தடவை ஜேர்மனிக்குப் போய் வந்திருக்கிறேன்,” என்றார்.