பதினைந்தில் ஒன்று

அக்கா வந்தபோது நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதில் துடைக்க எதுவும் மிச்சமில்லை.

"அன்னைக்கு எடுத்த படமெல்லாம் உன்கிட்ட இருக்குல்ல?" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இருக்கு."

"அதுல அந்தப் பச்சை விளக்கு எரியற மாதிரி ஒரு படமாவது இருக்கும். தேடிக் குடுடா. உங்க அத்தானை வெளிய கொண்டுவர எனக்கு வேற வழி தெரியல."

அத்தான் ஒரு விழா மண்டபத்தின் மேனேஜர். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத மண்டபம். ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில், மேடை ஓரத்துத் திரை பற்றிக்கொண்டது. கரண்ட் போனது. புகையில் இருநூறு பேர் முன்பக்கத்துப் படிக்கட்டில் முட்டி மோதினார்கள். மூன்று பேர் வீடு திரும்பவில்லை.

பின்பக்கம் இடது மூலையில் இன்னொரு கதவு இருந்தது. அதற்கு மேலே, கரண்ட் போனாலும் பேட்டரியில் எரிந்து வெளியேற வழி காட்டுகிற பச்சை விளக்கு. அன்றைக்கு அது யார் கண்ணிலும் படவில்லை, அதன்மேல் ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தது. விளக்குக்கு நேர் கீழே மண்டபத்து எலக்ட்ரீசியன் செத்துக் கிடந்தான். பாதித் துணி அவன் கையில், மீதி விளக்கின்மேல். மேனேஜர் சொல்லாமல் மண்டபத்து ஆள் எப்படி விளக்கை மூடுவான் என்று போலீசார் கேட்டார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் அத்தான். உள்ளே வைத்துவிட்டார்கள்.

"அக்கா, ஃபிளாஷ் போட்டு எடுத்தா பின்னாடி எல்லாம் இருட்டாத்தான் விழும். விளக்கு எரிஞ்சுதா, எரியலயான்னு படத்தைப் பாத்து சொல்ல முடியாது."

"அப்படியா?" என்றாள். "உனக்குத் தெரியாததா?" அதற்குமேல் அவள் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு விசாரணை அலுவலகத்துக்குத் துணைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் மறைத்தது தொழிலறிவில். நான் சொன்னதில் பொய் ஒன்றுதான். பின்னால் இருட்டாக விழுவது மற்றவர்கள் எடுக்கிற படத்தில். என் படத்தில் விழாது.

ஃபிளாஷ் என்பது மின்னி மறைகிற சமாச்சாரம். முகத்துக்கு வேண்டியதைக் கண்மூடித் திறப்பதற்குள் கொடுத்துவிடும். ஆனால் பதினைந்து அடிக்கு அப்பால் அதற்குத் தெம்பு கிடையாது. பின்னால் இருக்கிற சுவர், விளக்கு, கூட்டம் எல்லாம் படத்தில் வருமா வராதா என்பது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நொடியில் இருநூறில் ஒரு பங்கு வைத்தால் முகம் பளிச்சென்று வரும், பின்னால் கும்மிருட்டு. என் தொழிலில் முக்கால்வாசிப் பேர் கேமராவை அங்கேயே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள். கிணற்றில் விழுந்தவர்களை எடுத்த மாதிரி இருக்கும் அவர்கள் படங்கள். நான் பதினைந்தில் ஒன்று வைப்பேன். மண்டபத்து வெளிச்சமெல்லாம் நிதானமாக உள்ளே வந்து உட்காரும். அதில் எனக்கு அப்படி ஒரு திமிர்.

அன்றைக்குப் பின்பக்கச் சுவரில் ஊதா விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஊதாவை விட மனமில்லாமல், குடும்பப் படங்களை அந்த மூலையிலேயே நிறுத்தி எடுத்தேன். ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் கை துளி அசைந்தாலும் பின்னால் எரிகிற விளக்கு கோடாக இழுக்கும். கதவுக்கு மேலிருந்த பச்சை விளக்கு எல்லார் தலையிலும் கோடு போட்டது. முதலாளியின் மனைவி கேமராத் திரையை எட்டிப் பார்த்து, "என்னங்க இது, என் தலையில கீரைக்கட்டு வச்சிருக்கீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

ஷட்டர் சக்கரத்தைத் திருப்பி இருநூறுக்குப் போயிருந்தால் கோடு போயிருக்கும். கூடவே என் ஊதாவும் போயிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு விளக்கு கோணலாகத் தெரிந்தது.

எல்லோரும் டிபன் சாப்பிடப் போன நேரத்தில் வோல்டேஜைக் கூப்பிட்டேன். எலக்ட்ரீசியனுக்கு அதுதான் பட்டப்பெயர். அவன் பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது, அதனால் வைத்த பெயர். என் பையிலிருந்த கறுப்புத் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

"அதை மூடக்கூடாது சார். மேனேஜர் திட்டுவாரு."

"உங்க மேனேஜர் யாரு? எங்க அக்கா வீட்டுக்காரர். பத்தே நிமிஷம்ப்பா, அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தயங்கிக்கொண்டே ஏணியைப் போட்டு ஏறினான். துணியைக் கட்டினான். பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. அத்தானிடம் நான் சொல்லவில்லை. துணியைக் கழற்றச் சொல்லவும் மறந்தேன். ஊதா அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

தீப்பிடித்தபோது நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு மேலே போனது. வெளிச்சம் அணைவதற்கு முன்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் இந்தப் பக்கம் ஓடிவர, வோல்டேஜ் மட்டும் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். இவனுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான் எதற்குப் போகிறான் என்று புரிந்தது. புரிந்த பிறகும் நான் இறங்கவில்லை. எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவனுக்குத் தலையே போயிற்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. கேமராவைத் துடைத்தேன்.

மறுநாள் விசாரணை அதிகாரியின் அறைக்குப் போகும்போது சட்டைப் பையில் இரண்டு மெமரி கார்டு வைத்திருந்தேன். ஒன்றில் மேடைப் படங்கள் மட்டும். மேடையில் எனக்குப் பிடித்த வெளிச்சம் இல்லாததால் அவற்றை இருநூறில் எடுத்திருந்தேன். மற்றதில் மீதி எல்லாம். வீட்டில் விட்டுவிட்டு வரவும் பயம், அழிக்கவும் பயம்.

அதிகாரி முதல் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பரிசு வாங்குகிற முகங்கள், பின்னால் இருட்டு.

"என்னப்பா, எல்லாம் இருட்டாவே இருக்கு?"

"ஃபிளாஷ் சார். அப்படித்தான் வரும்."

"சரி. இதுல ஒண்ணும் இல்ல." கார்டை உருவி என் பக்கம் தள்ளினார்.

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "சார், அவர் அப்படிப்பட்டவர் இல்ல சார். பயந்தாங்கொள்ளி. அடுப்பை மூடியாச்சான்னு மூணு வாட்டி எழுந்து போய்ப் பாத்துட்டுத்தான் படுப்பார். அவரா விளக்கை மூடச் சொல்லுவார்?"

"அப்ப யாரும்மா சொன்னது? அந்த ஆளு தானா ஏறி மூடினானா?"

எங்கள் வீட்டில் அடுத்தவரைப் பற்றி அதிர்ந்து ஒரு சொல் பேசாதவள் அக்காதான். அன்றைக்குப் பேசினாள்.

"ஆமா சார். அவன்தான் செஞ்சிருக்கணும். குடிச்சிருந்திருப்பான். குடிகாரனுக்கு என்ன தெரியும்?"

அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். ஏணியோடு போனவனின் முதுகு கண்ணெதிரே நின்றது. எழுந்து, இரண்டாவது கார்டை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"சார், இதையும் பாருங்க."

மூன்று நாற்பத்திரண்டுக்கு எடுத்த படத்தில் முதலாளியின் மனைவி, தலையில் பச்சைக் கோடு. மூன்று ஐம்பத்தொன்பதுக்கு எடுத்ததில் வேறு ஒரு குடும்பம், ஊதாச் சுவர், கோடு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு படம். விளக்கு சரியாக மறைந்ததா என்று பார்க்க நான் சும்மா அமுக்கியது. வோல்டேஜ் ஏணிமேல் நிற்கிறான். ஒரு கை துணி முடிச்சில். தலையைத் திருப்பி, கேமராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிக் கேட்கிறான்.

"என்ன கேக்கறான்?" என்றார் அதிகாரி.

"போதுமா சார்னு கேக்கறான்."

"யாரை?"

"என்னை. துணி என்னோடது. மூடச் சொன்னது நான். அத்தானுக்கு எதுவும் தெரியாது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தாள். அதிகாரி, "மூடாம எடுக்கவே முடியாதா?" என்றார்.

பையிலிருந்து கேமராவை எடுத்து ஃபிளாஷை மாட்டினேன். அக்காவுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. அதற்கப்பால் நீண்ட வராந்தா, கோடியில் ஒரு பல்பு. பதினைந்தில் ஒன்று வைத்து ஒரு படம் எடுத்தேன். சக்கரத்தைத் திருப்பினேன். பதினோரு முறை டிக் டிக்கென்று ஓடி இருநூறில் நின்றது. இன்னொரு படம் எடுத்தேன். இரண்டையும் காட்டினேன்.

முதல் படத்தில் அக்காவின் முகத்துக்குப் பின்னால் வராந்தா முழுக்கத் தெரிந்தது, பல்பு மஞ்சள் கோடாக இழுத்திருந்தது. இரண்டாவதில் அதே முகம். பின்னால் இருட்டு. பல்பு இருந்த இடத்தில் ஒரு புள்ளி, சொன்னால்தான் தெரியும்.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"இவ்வளவுதான்க்கா."

"இதைத் திருப்ப எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு நொடி."

அவள் அழுவாள், இல்லை அறைவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. அந்த ஏணிப் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதிகாரி போட்டார். குனிந்து, வோல்டேஜின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"சார்," என்றாள். "அவன் குடிச்சிருந்தான்னு நான் சொன்னதை எழுதியிருந்தீங்கன்னா, அதை அடிச்சிடுங்க."

அவர் அடித்தார். அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனாள். அதிகாரி புதுத் தாளை எடுத்து, என்னை உட்காரச் சொன்னார்.