ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கர்னல்

வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜனாதிபதி ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நாட்டின் ரயில்கள் எல்லாம் ராணுவத்தின் கைக்குப் போயின. கொரியாவில் சண்டை நடக்கிறதாம், சரக்கு நிற்கக் கூடாதாம், வேலைநிறுத்தமும் கூடாதாம். சிகாகோ சரக்கு யார்டில் ஷண்டிங் ஆட்களின் சங்கத் தலைவரான காசிமிர் வ்ரோனாவுக்கே அது ரேடியோ சொல்லித்தான் தெரிந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. ஆபீஸ்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அது கிடைத்துவிட்டது. வெயிலிலும் பனியிலும் பெட்டிகளைக் கோத்து அவிழ்க்கிற இவர்களுக்கு மட்டும் ஏழு நாளும் வேலை. பெரிய போர் நடந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. அது முடிந்தும் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஞாயிறு மதியம் மேஜையில் அவருக்குத் தட்டு வைப்பதையே மனைவி ஹெலெனா நிறுத்திவிட்டாள். "ஸ்ட்ரைக் மட்டும் முடியட்டும், அடுத்த ஞாயிறு நான் வீட்லதான்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை யார்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே டெக்லன் ஃபோலி ஆரம்பித்தான். வாய் நீளம் அவனுக்கு.

"தலைவரே, ஒங்க ஆளு நல்லா வெச்சாரு பாத்தீங்களா ஆப்பு!"

அந்த ஆள் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் சட்டம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்ற, ஜனாதிபதி வீட்டோ போட்டுத் திருப்பி அனுப்பினார். அன்று காசிமிர் சொந்தச் செலவில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்து, பேப்பரில் வந்த ஜனாதிபதியின் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார். காங்கிரஸ் அந்த வீட்டோவை மதிக்காமல் சட்டத்தைக் கொண்டுவந்தேவிட்டது. இருந்தாலும் நம் பக்கம் நின்ற மனிதர் என்று படம் இறங்கவில்லை.

"வாய மூடுடா. நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்று காசிமிர் ஜெனரல் மானேஜர் ட்ராஸ்க்கைப் பார்க்கப் போனார்.

ட்ராஸ்க் ராணுவ உடுப்பில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த மடிப்புக்கூடப் போகவில்லை. ரயிலை நடத்தத் தெரிந்த ஆள் ராணுவத்தில் இல்லாததால், மானேஜர்களையே பிடித்துக் கர்னல் ஆக்கியிருந்தார்கள்.

"சார், அந்த அஞ்சு நாள் விஷயம்..."

"நான் இப்ப கம்பெனி ஆளு இல்லய்யா, கர்னல். இருக்கிறத இருக்கிறபடி ஓட்டுன்னு உத்தரவு. ஒரு மணி நேரம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது."

"அப்ப லாபம் யாருக்கு?"

"அது கம்பெனிக்குத்தான். எப்பவும்போல."

"சரி, கம்பெனி பக்கம் யார்கிட்ட பேசறது?"

"என்கிட்டதான். ஆனா ரயில் மொதல்ல கம்பெனி கைக்குத் திரும்பி வரணுமில்ல?"

"எப்ப வரும்?"

"நீங்க தகராறு பண்றத விட்டதும்."

காசிமிருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை டிராம் மாறி மாறி ஊருக்குள் இருந்த ராணுவ அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு கேப்டன் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மரியாதையாகவே பேசினார்.

"வேலை நேரமெல்லாம் கம்பெனி சமாசாரங்க. உங்க மானேஜரப் பாருங்க."

"அவர்தாங்க உங்க கர்னல்!"

"அப்ப நல்லதாப் போச்சு. ஒருத்தரப் பாத்தாப் போதும்."

சனிக்கிழமை ராத்திரி ஹெலெனா தொத்திறைச்சி நறுக்கிக்கொண்டே, "நாளைக்கு ஒனக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன்" என்றாள்.

"நாளைக்கும் வேலைதான்" என்றார் தலையைத் தூக்காமல்.

"ஸ்ட்ரைக் பண்றேன்னியே?"

"யார எதுத்துப் பண்ணச் சொல்ற? கம்பெனின்னா சண்டை போடலாம். இப்ப வேலைய விட்டா நாட்டுக்கே துரோகியாம். உள்ள தூக்கிப் போட்டுருவான்!"

"எல்லாம் நீ பீர் வாங்கி ஊத்தி, படம் மாட்டுன மகராசன் வேலைதானே" என்றாள் ஹெலெனா. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் கத்தவில்லை.

ஞாயிறு காலை காசிமிர் நேராகக் கொட்டகைக்குப் போய், பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார். அந்தச் சிரிப்பை இனி ஒரு நிமிஷம் பார்க்க முடியாது. தரையில் அடித்து நொறுக்கிவிட வேண்டும். மூலையில் ஃபோலியும் மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் படத்தில் கை வைத்தபோது கதவு திறந்தது. யார்டைச் சுற்றிப் பார்க்க வந்த ட்ராஸ்க், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். ட்ராஸ்க் படத்தைப் பார்த்தார். சட்டென்று விறைத்து நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். சிப்பாய்களும் அடித்தார்கள்.

"பரவால்லியே வ்ரோனா! யார்டுலயே நம்ம படைத் தலைவரான ஜனாதிபதி படம் இருக்கிற ஒரே எடம் இதான். இது இங்கயே இருக்கணும், யாரும் தொடக் கூடாது." ட்ராஸ்க் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் கோணலா இருக்குய்யா. நேராக்கிட்டு எறங்கு. லைன்ல சரக்கு நிக்குது."

காசிமிர் படத்தை நேராக்கிவிட்டு இறங்கினார்.