தலைமாட்டுக் கூண்டு

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள் துமிஜா. கீழே கணவர் பர்ஜோ கபன் துணிக்குள் சடலமாகக் கிடந்தார். அவர் தலைமாட்டில், உத்தரத்தில் தொங்கிய புறாக்கூண்டுக்குத்தான் கை நீட்டினாள். கூடம் முழுக்கச் சாம்பிராணி; போதாததற்கு ஆண்களின் கிராம்புச் சிகரெட் புகை வேறு.

“அண்ணி, இறங்குங்க!” கொழுந்தன் சுகிமான் ஓடி வந்தான். “எசமானுக்கு முன்னாடி புறா வாசலத் தாண்டக் கூடாது. தாண்டினா அண்ணன் உசிரு இங்கயே சுத்தும்.”

“சுத்தட்டும். முப்பது வருசமா என்னைச் சுத்தினவருதானே.”

“நான்தான் துணி போட்டு மூடிட்டேனே, புகை உள்ள எப்படிப் போகும்?”

துணியை உருவினாள். உள்ளே தேங்கியிருந்த புகை முகத்தில் அடித்தது. புறா அலகைப் பிளந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டியது.

“பாரு நல்லா! நமக்கு இருமலோட போயிடும். இதுக்கு உசிரே போயிடும்.”

அந்தப் பாவி மனுஷன், காலில் விழாத குறையாக இவள் கெஞ்சியும் சிகரெட்டை விடவில்லை. புறா ஒருநாள் மூச்சுத் திணறி விழுந்ததும் அன்றே விட்டார். கொசுவத்திக்கும் தடை போட்டார், கடிபட்டது இவள்தான். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அதற்காக, அவர் போன அன்றே அதையும் சாகக் கொடுப்பாளா?

“ஊரு என்ன சொல்லும் அண்ணி?”

“ஊரு முதல்ல சிகரெட்ட அணைக்கட்டும். அப்புறம் சொல்லட்டும்.”

கூண்டைக் கழற்றி இறங்கி, மார்போடு அணைத்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கிணற்றடிக் காற்றில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் புறா அலகை மூடியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் பர்ஜோவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகள் அதன் அடியில் மூன்று முறை குனிந்து போக வேண்டும். பர்ஜோவுக்குப் பிள்ளை இல்லை.

“யாருமில்ல, நடங்க,” என்றான் முன்பக்கம் தோள் கொடுத்திருந்த சுகிமான்.

“ஏன் இல்ல? நில்லு!”

கூண்டோடு வந்து நின்றாள் துமிஜா. யாரோ சிரித்தார்கள். யாரோ “பைத்தியம்” என்றார்கள்.

“ஆமா, பைத்தியந்தான். மூணு தரந்தானே?”

பதிலுக்குக் காத்திராமல் குனிந்தாள். முதல் முறை போகும்போதே கூண்டின் கொக்கி சந்தூக்கின் அடிப்பலகையில் உரசியது. வளைந்து மறுபடி வந்தாள். கொக்கி இடிக்காமல் அவள் நுழைந்து போகும்வரை சுகிமான் குதிகாலை உயர்த்தி நின்றான்.