மேகத்தின் குதிகாலைக் குறிவைத்த தோட்டா

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்ய வேண்டிய பைபிள் வண்டியில் இருக்கிறது. போய் எடுத்துவர என் முழங்கால் சம்மதிக்கவில்லை. ஆகவே என் வலது கண்ணின்மேல், அதாவது குறிபார்க்கிற கண்ணின்மேல், சத்தியம் செய்கிறேன். அதைவிட உசத்தியான பொருள் என்னிடம் எதுவும் இல்லை.

என் துப்பாக்கி இரண்டு பாதியாகக் கழலும். இரண்டு இரும்புப் பின்களைத் தள்ளினால் போதும், குழலும், குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பும் சேர்ந்த மேல்பாதி தனியாகக் கையில் வந்துவிடும். என்னிடம் மேல்பாதிகள் இரண்டு. பெரியது தூரத்துக் குறிகளுக்கு. சின்னது வயலைக் குடைகிற அணில்களுக்கு. சின்னதின் தோட்டா பட்டாணி மாதிரி இருக்கும். தோளில் உதை கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி சத்தமும் கிடையாது. சுட்டோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும். ஆனால் கீழ்பாதி அதேதான், ட்ரிகர் அதேதான், கன்னம் வைக்கிற இடமும் அதேதான். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தால் எது மாட்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது. கண்ணைக் கட்டாவிட்டாலும் சொல்ல முடியாது என்பதைப் போன மே மாதம் ஒரு சனிக்கிழமை நான் நிரூபித்தேன்.

எங்கள் ஐடஹோ துப்பாக்கி கிளப்பில் சனிக்கிழமைகளில் சுடுவது கொஞ்சம், காபி மேசையில் பேசுவது நிறைய. அந்தப் பேச்சில் பெரும்பங்கு என்னுடையது. என் மனைவி போனபிறகு வீட்டில் கேட்க ஆள் இல்லை. வாரம் முழுக்கச் சேர்ந்ததை அங்கேதான் இறக்கிவைக்க வேண்டும்.

அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆலங்கட்டி மழையில் எருமையை அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எருமை என்பது ஆயிரம் கஜத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் நிற்கிற, எருமை உருவில் வெட்டிய இரும்புத் தட்டு.

"ஆலங்கட்டியா? போன வாரம் சொன்னப்போ பனிதானே கொட்டுச்சு?" என்றான் லவார். உருளைக்கிழங்கு விவசாயி. நான் சொல்கிற கதையில் அழ வேண்டிய இடமாகப் பார்த்துச் சிரிப்பான்.

"ரெண்டும்தான் கொட்டுச்சு. உனக்குச் சந்தேகம்னா, இதோ இந்தத் துப்பாக்கியாலயே இப்ப அடிச்சுக் காட்டுறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குறியைச் சொன்னால், அந்தத் துப்பாக்கியாலேயே அதைச் சுட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அது வழக்கம்.

துப்பாக்கியிலிருந்து கழற்றிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த தோட்டாப் பெட்டியை லவார் எடுத்துக் குலுக்கினான். பட்டாணிச் சத்தம் கேட்டது. அவன் முகத்தில் கிறிஸ்துமஸ் விளக்கு எரிந்தது.

"எல்டன், எருமைக்கு அணில் தோட்டாவா போடப்போற?"

காலையில் வயலுக்குப் போகச் சின்ன மேல்பாதியை மாட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரியது வீட்டு அலமாரியில், கம்பளிக் கோட்டுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது.

"இது வேற துப்பாக்கிய்யா," என்றேன்.

"எப்படி வேற? துப்பாக்கி நம்பர் எதுல அடிச்சிருக்கு? கீழ்பாதியில. கீழ்பாதி அதேதான? ஆர்டித் அக்கா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க!"

ஆர்டித்தான் சுடுமிடத்துக்கு அதிகாரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். நாங்கள் எல்லோரும் இன்னும் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்கு நினைப்பு.

"நம்பர் ஒண்ணுன்னா துப்பாக்கியும் ஒண்ணுதான்," என்றாள். "சுடு. உள்ள ஆப்பிள் பை சூடு ஆறிட்டிருக்கு."

"தவறவிட்டா ஒரு வருஷம் காபி மேசையில நீ வாயே தொறக்கக் கூடாது," என்றான் லவார்.

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன். "அடிச்சுட்டா?"

"நீ எதைச் சொன்னாலும் சிரிக்காம நம்புறேன். ஆத்துல முதலை பிடிச்சியே, அதையும்தான்."

ஸ்கோப்பின் உயரத் திருகாணியை ஏற்றினேன். இனி ஏறமாட்டேன் என்று அது நின்றுவிட்டது. போதவில்லை. அணில் தோட்டா அவ்வளவு தூரம் போவதற்குள் ஒரு மாதாகோயில் கோபுர உயரத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குத் தக்கபடி மேலே பிடிக்க வேண்டும். மேலே பிடித்தால் எருமை மறைந்தது, அப்புறம் மலை மறைந்தது, வெறும் வானம்தான் மிச்சம். வானத்தில் எதைக் குறிபார்ப்பது?

அப்போது பூட்ஸ் மாதிரி ஒரு மேகம் வந்தது. அதன் குதிகால் சரியாக எனக்கு வேண்டிய இடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"யோவ், எருமை கீழ இருக்கு!" என்றான் லவார்.

"தெரியும். மேகம் வரட்டும்."

ஆர்டித் எல்லோரையும் தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள். காதை மூடச் சொன்னாள். குதிகால் வந்து சேர்ந்தது. நான் விசையை அழுத்தினேன். சோடாப் புட்டி திறந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே அதை எல்லோருமே பார்த்தோம்: செம்பு நிறத்தில் ஒரு பொட்டு, எழுந்து, எழுந்து, மலையைத் தாண்டி உயரே போனது. அவசரமே இல்லை அதற்கு. பாதி வழியில் ஒரு வானம்பாடி பக்கத்தில் பறந்துவந்து பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. லவார் உள்ளே போய் ஒரு துண்டு ஆப்பிள் பை எடுத்துவந்து தின்று முடித்து விரலையும் துடைத்துவிட்டான். பொட்டு உச்சிக்குப் போய் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. வயலில் தண்ணீர் பாய்ச்சுகிற சக்கரம்கூடச் சுற்றுவதை நிறுத்திக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. ஆர்டித் தொப்பியைக் கழற்றினாள். அவள் கழற்றியதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். அறுபது வருஷமாகச் சுடுகிறேன். சுட்ட தோட்டா எங்கே போகிறது என்று அன்றுவரை பார்த்ததே இல்லை. அவ்வளவு சின்ன ஒன்று அவ்வளவு பெரிய வானத்தில் தனியாக நிற்பதைப் பார்த்து, கழற்றிய தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு, மனசு மாறினாற்போல, அது இறங்கத் தொடங்கியது. பள்ளத்தாக்கின் காற்று அதை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தது. பிறகு வெட்கப்பட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டது.

'டிங்.'

எங்கிருந்தோ, யாரோ கரண்டியால் கோப்பையைத் தட்டினதுபோல.

லவார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எல்டன்," என்றான், "அந்த முதலை எவ்வளவு நீளம்னு சொன்ன?"

இதையெல்லாம் வாயால் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், வருகிற மே மாதம்வரை காபி மேசையில் நான் வாய் திறக்கக் கூடாது.