பத்து பைட்டும் எட்டு பைட்டும்

பீளமேட்டில் மூன்று கம்ப்யூட்டர் வைத்திருந்த எங்கள் கம்பெனிக்கு எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றித் தரும் கம்பைலர், விண்டோஸுக்கானது, புதிதாக வந்த அன்று, முதலாளி மயில்சாமி அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினார். அதை வாங்கச் சொன்னவன் நான்.

பம்பு தயாரிக்கும் ஆறுச்சாமிக்கு நான் எழுதிய புரோகிராம், பம்பின் தண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் அதிர்ந்து முறியும் என்று கணக்கிடும். பதினெட்டு இலக்கம் வரை பிடித்து வைத்தால்தான் விடை சரியாக வரும். அதற்கு லாங் டபுள் என்ற எண்வகை வேண்டும். பழைய கம்பைலர் அதற்கு நினைவகத்தில் பத்து பைட் இடம் கொடுத்தது. புதியதில் லாங் டபுள் உண்டா என்று அதை விற்கும் ஏஜென்டிடம் வாங்கும் முன்பே போனில் கேட்டேன். இருக்குங்க என்றார். எத்தனை பைட் என்று கேட்க வாயெடுத்தேன். பொள்ளாச்சிக்காரர், வயதில் பெரியவர், துருவிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். என் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

ஏற்றி முடித்ததும் லாங் டபுளின் அளவைக் கேட்டு இரண்டு வரி எழுதி ஓட்டினேன். திரையில் எட்டு என்று வந்தது. பெயரை ஏற்றுக்கொண்டு, பதினைந்து இலக்கமே பிடிக்கும் சாதாரண டபுளைக் கொடுத்திருக்கிறது. ஓர் எச்சரிக்கைகூட இல்லை. பழையதில் 2,910 சுற்றில் முறியும் என்று வந்த தண்டு, புதியதில் 3,640 வரை தாங்கும் என்றது. மோட்டார் ஓடுவதோ 2,900 சுற்றில். பழைய விடைப்படி முறிவுக்குப் பத்தே சுற்றுதான் பாக்கி.

ஏஜென்டிடம் கத்தினேன். இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள் என்றார், அதே மரியாதையோடு. எர்ரர் எதுவும் வரவில்லையே என்றார் மயில்சாமி. ஆறுச்சாமி ஏற்கெனவே நாற்பது தண்டு கடைந்து வைத்திருந்தார். பழைய விடைதான் சரி என்று அவரிடம் மன்றாடினேன்.

"ஏனுங்க தம்பி, ரெண்டும் நீங்க எழுதுனதுதானுங்க. புதுசுல எல்லாம் இருக்குதுன்னு சொன்னதும் நீங்கதானுங்க. இப்ப நான் எதைங்க நம்பறது?"

2,910 இருந்த பழைய தாளை மறுபடி அவர் முன் நீட்டினேன். அவர் 3,640 இருந்த தாளை அச்சடிக்கச் சொல்லி வாங்கிப் போய்விட்டார்.

அந்தத் தண்டுகளைப் பூட்டி முதல் பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டியவர் செங்கோடன், என் மனைவியின் அண்ணன். சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓடினேன். நாளைக்கு லீவு போடச் சொன்னேன். முடியாவிட்டால் ஸ்விட்சைப் போட்டதும் தள்ளி நிற்கவாவது சொன்னேன். அவர் சிரித்தார். ஆறுச்சாமி அந்தத் தாளைப் பம்பு ஓட்டும் இடத்திலேயே சுவரில் ஒட்டிவிட்டாராம். கீழே என் பெயர் அச்சாகியிருக்கிறதாம்.

"உங்க கணக்குதானுங்களே மாப்ளே. நான் பக்கத்துலயே நின்னுக்கறேனுங்க."